சும்மாதானே நிக்குது!

இரவல் கொடுத்த காரைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். கார் வராது, அட்வைஸ் வரும். வாங்கினவனுக்கு அல்ல, கேட்ட உங்களுக்கு!

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் சின்னதாக ஒரு கார் வாங்கினார். தங்கை மகன் கல்யாணப் பத்திரிகை வைக்க நாலு நாளைக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனான். வருஷம் ஒன்று ஓடிவிட்டது. கல்யாணம் ஆயிற்று, மறுவீடு ஆயிற்று, வளைகாப்பும் வந்துவிட்டது. வளைகாப்புக்கு அழைக்க அந்தக் காரிலேயே வந்து, வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு, அந்தக் காரிலேயே திரும்பிப் போனார்கள். வாசலில் நின்று வழியனுப்பியிருக்கிறார் மனுஷர்.

கார் எங்கே போகிறது என்பது மட்டும் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். ஃபாஸ்டேக் அவர் வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறதே! பரனூரில் பணம் பிடித்தாயிற்று, ஆத்தூரில் பிடித்தாயிற்று, விக்கிரவாண்டியில் பிடித்தாயிற்று என்று எஸ்.எம்.எஸ். வருகிறது. மருமகன் ஊர் சுற்றுகிறான், மாமா சுங்கம் கட்டுகிறார். இங்கே இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆன மனைவியை வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு ஆட்டோவில் ஏற்றி இறக்குகிறார்.

ஒருநாள் துணிந்து போனில் கேட்டுவிட்டார். வந்த பதில்: “இப்ப உங்களுக்கு எதுக்கு மாமா கார்? அங்க இருந்தாலும் சும்மாதானே நிக்கப் போகுது?”

இந்த ‘சும்மாதானே நிக்குது’ இருக்கிறதே, இது சாதாரண வாக்கியம் இல்லை. அடுத்தவன் சொத்து அவனுக்குத் தேவையா இல்லையா என்று தீர்மானிக்கிற அதிகாரத்தை நைசாகக் கையில் எடுத்துக்கொள்கிற வாக்கியம். மருமகனுடைய மனைவியின் நகைகூட பீரோவில் சும்மாதான் கிடக்கும். மாமா போய் எடுத்துக்கொண்டு வந்தால் விடுவானா?

அடுத்து தங்கையின் போன். “ஒரு காருக்காக உறவை முறிச்சுக்கணுமா அண்ணா? அவன் இப்பதான் தலையெடுக்கிறான்...” இந்தக் கேள்வியை ஏன் எப்போதும் பொருளைக் கொடுத்தவரிடமே கேட்கிறார்கள்? ‘ஒரு காருக்காக மாமா உறவைக் கெடுத்துக்காதேடா, கொண்டுபோய் விட்டுட்டு வா’ என்று மகனிடம் சொல்ல ஏன் வாய் வருவதில்லை? பொருளை அமுக்கினவன் சகஜமாகப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறான். பறிகொடுத்தவர் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார் என்று பேச்சு. உறவு, மானம், பெருந்தன்மை எல்லாம் ஏமாந்தவன் தலையில்தான் விடியும்.

சரி, போலீஸுக்குப் போகலாம் என்றால் அங்கேயும் இதே தங்கச்சி குரல்தான், காக்கி உடையில். “சொந்தக்காரப் பையன்தானே சார், பேசித் தீர்த்துக்குங்க. இது சிவில் மேட்டர்.” ரொம்ப வற்புறுத்தினால் சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது கிழித்துக் கொடுப்பார்கள். அது நீங்கள் வந்து போனதற்கான அத்தாட்சி, அவ்வளவுதான்.

சிவில் மேட்டரா? நம்பிக் கொடுத்த பொருளை நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொள்வதும், தன் இஷ்டத்துக்குப் பயன்படுத்துவதும் குற்றம் என்று 1860-லேயே இந்திய தண்டனைச் சட்டம் எழுதிவைத்தது. நம்பிக்கை மோசடி. அப்போது 406-ஆவது பிரிவு, மூன்று வருஷம் வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 316-ஆவது பிரிவு, தண்டனை ஐந்து வருஷம் வரை. வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம். அதாவது, சட்டம் செய்தவர்கள் தண்டனையை ஏற்றியிருக்கிறார்கள். ஸ்டேஷனில் அதைக் குடும்பத் தகராறாக இறக்கிவிட்டார்கள்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு நாள் தாமதமாகக் கொண்டுவந்து விட்டவனெல்லாம் கிரிமினல் ஆகிவிட மாட்டான். நேர்மையற்ற எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். ‘இத்தனாம் தேதிக்குள் காரைக் கொடு’ என்று எழுத்தில் கேட்டு, அப்போதும் கொடுக்காவிட்டால் வேறு என்ன எண்ணமாம்? குழப்பமாக இருக்கிறது, விசாரித்துத்தான் வழக்குப் போட வேண்டும் என்கிறார்களா? அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. டி.எஸ்.பி. அனுமதியோடு முதல்கட்ட விசாரணை, 14 நாளுக்குள் முடிக்க வேண்டும். 14 நாள் சார், 14 மாசம் இல்லை!

‘கொலையும் கொள்ளையுமாகக் கிடக்கும்போது மாமன்-மருமகன் சண்டைக்கெல்லாம் போலீஸா?’ என்பார்கள். முகம் தெரியாதவன் வாசலிலிருந்து ஓட்டிப் போனால் திருட்டு. முகம் தெரிந்தவன் சாவியை வாங்கிப் போய் வைத்துக்கொண்டால் மனஸ்தாபம். பறிபோனது ஒரே கார். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டுதானே முகம் தெரிந்தவன் துணிகிறான்?

இன்னொரு கூத்து. அதே கார் நாளைக்கு யார் மேலாவது மோதட்டும். நம்பரை வைத்து ஆர்.சி. சொந்தக்காரரை அரை மணியில் கண்டுபிடித்துவிடுவார்கள். காரைத் தேடி அவர் போனால் சிவில் மேட்டர், காரை வைத்து அவரைத் தேடும்போது மட்டும் சொந்தக்காரர்! 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பாருங்கள். ஒருவர் 2007-ல் காரை விற்றுவிட்டார். அது கைமாறிக் கைமாறிப் போய் 2009-ல் விபத்து. ஆர்.சி.யில் பெயர் மாறாததால் முதல் ஆள்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பு. விற்றவருக்கே இந்தக் கதி. இரவல் கொடுத்தவருக்கு? லைசென்ஸ் இல்லாதவனை ஓட்டவிட்டாலும், இன்ஷூரன்ஸ் காலாவதியானது தெரிந்தே ஓடவிட்டாலும் சொந்தக்காரர் மேல் தனியாக வழக்கு வேறு வரும். ஆகவே பெருந்தன்மை என்று சும்மா இருப்பவர், தான் ஓட்டாத வண்டிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

சிலர் சொல்கிறார்கள், ‘நாலு பேரை விட்டுத் தூக்கிட்டு வந்துட வேண்டியதுதானே?’ வேண்டாம். கட்டப்பஞ்சாயத்துக்காரன் கைக்கு ஒருதரம் சாவி போனால் அப்புறம் அவனிடமிருந்து மீட்க இன்னொரு கட்டப்பஞ்சாயத்து வேண்டும். மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு நீங்களே போனால்? மெக்காலே தலைமையிலான குழு வரைவு தயாரித்த அந்த 1860 சட்டம் இதற்கு ஓர் உதாரணமே தருகிறது. ரிப்பேருக்குக் கொடுத்த கடிகாரத்தை, பாக்கி எதுவும் வைக்காத சொந்தக்காரர் கடைக்குள் புகுந்து பிடுங்கிக்கொண்டு போனால் அது திருட்டு ஆகாது. ஆனால் அத்துமீறி நுழைந்ததும் கைகலப்பும் குற்றமாகலாம். பொதுத்தெருவில் நிற்கும் உங்கள் காரை அமைதியாக ஓட்டி வரலாம். அவன் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு போனால் மருமகன் புகார் கொடுப்பான். (அந்தப் புகாரை மட்டும் உடனே வாங்கிக்கொள்வார்கள்.)

தலைமையாசிரியருக்கு நான் சொன்னது இதுதான். முதலில் ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் ஒரு கடிதம். எதற்காகக் கொடுத்தீர்கள், எப்போது கொடுத்தீர்கள், எந்தத் தேதிக்குள் வேண்டும். மூன்றே விஷயம், திட்டு வேண்டாம். ‘கல்யாண வேலை முடியட்டும் என்றுதானே சொன்னீர்கள்’ என்று அவன் மடக்க முடியாது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 159-ஆவது பிரிவுப்படி, கூலி வாங்காமல் இரவல் கொடுத்த பொருளைக் கெடு முடியும் முன்பேகூடத் திருப்பிக் கேட்கலாம். அப்படி அவசரப்படுத்தியதில் வாங்கினவனுக்கு வந்த லாபத்தைவிட நஷ்டம் அதிகமானால் ஈடுகட்ட வேண்டும், அவ்வளவுதான். இங்கே கெடு முடிந்தே வருஷமாகிறது.

அப்புறம் ஸ்டேஷன். ஃபாஸ்டேக் குறுஞ்செய்திகளையும், ‘சும்மாதானே நிக்குது’ ரகப் பதில்களையும் பிரிண்ட் எடுத்து வையுங்கள். வாங்க மறுத்தால் புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள், சென்னையானால் துணை கமிஷனருக்கு. அங்கேயும் அசையாவிட்டால் பி.என்.எஸ்.எஸ். 175(3)-ன்படி, பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு. நடுவில் தங்கை போன் செய்வார். கார் வந்த பிறகு பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம்.

வழக்குப் பதிந்து காரைக் கைப்பற்றிவிட்டால் அன்றே நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். ஸ்டேஷன் வாசலில் துருப்பிடித்து, சீட்டுக்கு நடுவே செடி முளைத்து நிற்கிற வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படி நிறுத்திவைக்கக் கூடாது, தகுந்த பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு சீக்கிரம் விடுவிக்க வேண்டும் என்று 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. ஆனாலும் கேட்டால்தான் கிடைக்கும். ஆர்.சி., இன்ஷூரன்ஸ் நகல்களோடு, கார் கைப்பற்றப்பட்ட வாரமே இடைக்காலப் பொறுப்பு கேட்டு மனுப் போட்டுவிடுங்கள். ஃபாஸ்டேக்கில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்றும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.