கணினியில் தமிழேற்றாமல் கல்வியா?

இணையவழிக் கல்விக்குக் கணினியை அணியப்படுத்துவது எப்படி என்று கேட்டால், வணிகர் சொல்லும் விடை எல்லார்க்கும் தெரிந்ததே. நினைவகம் இவ்வளவு வேண்டும். இணைய விரைவு இவ்வளவு வேண்டும். ஒலிவாங்கியும் படப்பொறியும் வேண்டும். நச்சுநிரல் தடுப்பு வேண்டும். வேண்டியவைதாம், மறுப்பாரில்லை. ஆனால் கடையினின்று வெளிவரும் அப்பொறியின் திரையில் ஒரு தமிழெழுத்தாவது உண்டா என்று கேட்பாரும் இல்லை! தமிழ்நாட்டில், தமிழன் காசில், தமிழ்ப் பிள்ளைக்கென்று வாங்கும் பொறி முதல் நாளே ஆங்கிலத்தில் வாய் திறக்கின்றது. அதை முன்னேற்றம் என்று பெற்றோரும் பூரிக்கின்றனர்.

முகவைக் கடற்கரையைப் பாருங்கள். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் என நீளும் அக்கரையில் பிறந்த பிள்ளை, பள்ளிக்குப் போகுமுன்பே வடக்கிருந்து வருவது வாடை, கிழக்கிருந்து வருவது கொண்டல், மேற்கிருந்து வருவது கச்சான், தெற்கிருந்து வருவது சோழகம் என்று அறியும். படகின் முகப்பை மீனவர் அணியம் என்பர். ‘ஆயத்தம்’ என்னும் அயற்சொல்லை விலக்கித் தனித்தமிழார் ஆளும் சொல்லும் அதுவே. கடலையே தமிழால் அளந்த மக்கள் அவர்கள்! 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, அம்மக்களின் பிள்ளைகளும் கையகலத் திரையின் முன் அமர்த்தப்பட்டனர். ஆசிரியர் தமிழில் பேசினாலும், உள்ளே நுழையும் வாயில், அழுத்த வேண்டிய பொத்தான், தவறினால் வரும் எச்சரிக்கை எல்லாம் ஆங்கிலம். பாடம் புரியாமற் போகுமுன்பே வாயிலிலேயே தடுக்கி விழுந்தான் மாணவன். குற்றம் அவன் அறிவிலா?

‘தமிழில் அதற்கெல்லாம் வழியில்லை’ என்பார் சிலர். முழுப் பொய்! 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகையைத் தமிழ்நாட்டரசு ஏற்றது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் (இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம்) தொடங்கி, அயலகத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையம் வழியே தமிழ் கற்பித்தது. தில்லி அரசின் ‘சுவயம்’ பிறந்தது 2017இல்! 16 ஆண்டு முன்பே தமிழ் இணையத்தில் வகுப்பெடுத்தது. வழிகாட்டியவன் வீட்டிலேயே இன்று விளக்கில்லை.

தமிழ்99 பலகையின் அமைப்பே ஓர் இலக்கண வகுப்பு. உயிரெழுத்துகள் இடப்புறம், மெய்கள் பெரும்பாலும் வலப்புறம். ககர விசையின் பின் இகர விசையைத் தட்டினால் ‘கி’ பிறக்கும். ககரத்தை இருமுறை தட்டினால் புள்ளி தானே விழுந்து ‘க்க’ ஆகும். விண்டோசின் அண்மைப் பதிப்புகளில் இப்பலகை உள்ளேயே இருக்கின்றது. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்துத் தேர்ந்துகொண்டால் போதும். இதனை விடுத்து, ‘அம்மா’ என்றெழுத ஆங்கில எழுத்து நாலைந்தை மனத்துள் கூட்டிப் பார்க்கும் இழிநிலை எதற்கு? அன்னையை அழைக்கவுமா ஆங்கிலன் துணை?

எழுத்துருவிலும் விழிப்பு வேண்டும். பழைய குறியேற்றங்களில் தட்டிய கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் வெறுங்குப்பையாய்த் தெரியும். மாணவன் உழைப்பு பாழ். 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் பொதுவாக்கியது. ஒருங்குறியிலேயே எழுதுக. (அதே 2010இல் ஒருங்குறித் தமிழுக்குள் கிரந்தத்தைப் புகுத்த முயன்றதும், தமிழறிஞரும் தமிழ்நாட்டரசும் எதிர்த்ததும், பின்னர் 2014இல் கிரந்தம் தனியிடத்துக்கே போனதும் மறக்கத்தக்கனவல்ல. விசைப்பலகையின் மேல்வரிசையில் இன்னும் சில கிரந்த எழுத்துகள் ஒண்டியிருக்கின்றன. அவற்றை அழுத்தச் சொல்லி எவரும் கையைப் பிடிக்கவில்லை.)

‘வேலைக்கு ஆங்கிலம் வேண்டாவா?’ என்பது அடுத்த கணை. ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பது வேறு. அறிவு முழுவதையும் ஆங்கில மூட்டத்தின் வழியே தேடுவது வேறு. இணையத்தில் உயர்கல்விப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. சிலவற்றுக்கே தமிழ் எழுத்துப்படி உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2023இல், சேர்வார் குறைவென்று சொல்லி உறுப்புக் கல்லூரிகளில் நிறுத்த முற்பட்டு, எதிர்ப்பின்பின் பின்வாங்கியது. நூலில்லை, பாடமில்லை, கணினித் திரையிலும் தமிழில்லை என்றால் சேர்வார் எங்கிருந்து வருவர்? கேட்பாரின்மையால் ஆக்குவாரில்லை, ஆக்குவாரின்மையால் கேட்பாரில்லை. இவ்வளையத்தை உடைக்கும் முதல் அடி, மாணவன் மேசையிலுள்ள பொறியைத் தமிழாக்குவதே.

1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரையாரும், துணைநின்ற பாசுகர சேதுபதியும் முகவை மண்ணின் மைந்தர்களே. வெறும் வாழ்த்துரையோடு அவர்கள் நிற்கவில்லை. நூலகம் அமைத்தனர், அச்சகம் அமைத்தனர், ‘செந்தமிழ்’ ஏட்டை நடத்தினர். அன்றைய கல்விக் கருவிகள் அவை. இன்றைய கருவி கணினி. 2011இல் விலையில்லா மடிக்கணினி தந்த தமிழ்நாட்டரசு, மாணவர்க்குத் தரும் எக்கணினியும் தமிழ்த் திரையோடும், விசைகளில் பொறித்த தமிழெழுத்தோடும், தமிழ்99 பலகையோடும் கைக்கு வரவேண்டும் என்று ஆணையிட வேண்டும். இராமேசுவரம் கடைக்காரரும் அவ்வாறே அமைத்து விற்கட்டும். ஆங்கிலத் திரை வேண்டுவோர் மாற்றிக்கொள்ளட்டும்.