உயிர்காக்கும் கருவி யார் கையில்?

அறுவை அரங்கில் நோயாளியின் இதயம் சீரான துடிப்பை இழந்து நடுங்கத் தொடங்கினால், மருந்தை மட்டும் நம்பி அதை மீட்க இயலாது. மார்பின் வழியே மின்னதிர்ச்சி செலுத்தி அந்நடுக்கத்தை நிறுத்த வேண்டும். டிஃபிப்ரிலேட்டர் என்னும் கருவி செய்யும் வேலை இதுவே. மார்பு அழுத்தமும் மின்னதிர்ச்சியும் இன்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் நோயாளி பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புற மருத்துவமனைகளுக்கு இக்கருவி வேண்டுமெனக் கோருவது முற்றிலும் நியாயம். ஆயினும் அதை இயக்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி அதைவிட முதன்மையானது. அரிதாகவே எழுப்பப்படுவதும் அதுதான்.

இக்கருவியின் பிறப்பே தொழிலாளரின் மரணத்தோடு பிணைந்தது. 1920களில் அமெரிக்க மின் நிறுவனங்களின் கம்பித் தொழிலாளர்கள் மின்சாரம் தாக்கி அடுத்தடுத்து மாண்டபோதுதான், மின்பொறியாளர் கூவன்ஹோவன் முதலியோரின் ஆய்வுக்கு நிதி கிடைத்தது. சோவியத் ஒன்றியத்தில் லினா ஸ்டெர்னின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய நாவும் குர்விச், மின்தேக்கியின் ஒற்றை வீச்சால் இதய நடுக்கத்தை நிறுத்த முடியும் என்று 1939இல் காட்டினார். (அந்த லினா ஸ்டெர்ன் 1949இல் பொய் வழக்கில் சிறைப்பட்டார் என்ற கசப்பான உண்மையையும் சேர்த்தே இவ்வரலாற்றைச் சொல்ல வேண்டும்.) மின்னதிர்ச்சியால் முதன்முதலில் மீட்கப்பட்ட மனிதர் 14 வயதுச் சிறுவன். 1947இல் கிளீவ்லாந்து நகரில் மார்பு அறுவையின்போது அவனது இதயம் நின்றது. மருத்துவர் கிளாட் பெக் மீட்டார்.

மருத்துவரின் கையிலிருந்து செவிலியரின் கைக்கு இக்கருவி வந்தது 1960களின் தொடக்கத்தில். ஃபிலடெல்ஃபியாவில் மருத்துவர் லாரன்ஸ் மெல்ட்சரும் செவிலியர் ரோஸ் பின்னியோவும், இதய வரைவைப் படித்தறியவும் மருத்துவருக்குக் காத்திராமல் அதிர்ச்சி செலுத்தவும் செவிலியரைப் பழக்கினர். பிற்காலத்தில் தானியங்கிக் கருவி வந்தபின் செவிலியப் பயிற்சிகூடத் தேவைப்படவில்லை. அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளின் காவலாளிகளுக்கு அதைக் கொடுத்துச் செய்த ஆய்வு 2000இல் வெளியானது. இதயம் நடுங்கி விழுந்தவர்களில், 3 நிமிடங்களுக்குள் அதிர்ச்சி பெற்றோரில் 74 விழுக்காட்டினர் உயிரோடு வீடு திரும்பினர். சூதாட வந்த சீமானுக்குக் காவலாளியின் கையால் கிடைத்த உயிர், நான்காண்டு பட்டம் பெற்ற செவிலியர் அருகில் நின்றும் ஒரு தேயிலைத் தொழிலாளிக்குக் கிடைக்காமல் போகுமானால், குறை அறிவியலில் இல்லை.

அறுவை நடக்கும்போது மயக்கவியல் மருத்துவர் அரங்கில் இருப்பார். எனினும் அவர் சுவாசக் குழாயைக் கவனிக்க, அறுவை மருத்துவர் குருதிப்பெருக்கை அடக்க, கருவியை மின்னேற்றி, அனைவரையும் விலகச் சொல்லி, நேரத்தைக் குறித்துக்கொள்ளும் பொறுப்பு செவிலியரிடமே வருகிறது. அறுவைக்காலத்தில் இதயம் நிற்பதற்குப் பெரும்பாலும் குருதியிழப்பும் உயிர்வளிக் குறைவுமே காரணங்கள். அத்தகைய நிலைகள் பலவற்றில் மின்னதிர்ச்சி பயன்தராது, மார்பு அழுத்தமும் மூலகாரணத்தைக் களைவதுமே வழி. எது எந்நிலை என்று பிரித்தறியும் பயிற்சி அதனால்தான் இன்றியமையாதது. பேராபத்து காத்திருக்கும் இடம் இரவுநேர வார்டு. அங்கே மருத்துவர் இருப்பதில்லை. அமெரிக்காவின் 369 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2008இல் வெளியான முடிவுகளின்படி, உரிய நேரத்தில் அதிர்ச்சி பெற்றோரில் 39 விழுக்காட்டினர் பிழைத்து வீடு திரும்பினர். 2 நிமிடங்களுக்கு மேல் தாமதமானோரில் 22 விழுக்காட்டினரே பிழைத்தனர். தாமதம் மிகுந்தது 250 படுக்கைகளுக்குக் குறைந்த மருத்துவமனைகளிலும், இரவுவேளைகளிலும், கருப்பின நோயாளிகளிடத்தும். வர்க்கமும் நிறமும் கடிகார முள்ளில்கூட ஏறி அமர்ந்திருக்கின்றன.

இனி நம் மலைகளுக்கு வருவோம். தேவிகுளம், பீருமேடு வட்டங்களின் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி அளிப்பதை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின் கடமையாக்கியது. உயர் சிகிச்சை வேண்டுமானால் மலையிறங்கியாக வேண்டும். குமுளியிலிருந்து கோட்டயம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல்; தேனிக்கு ஏறத்தாழ 60. அட்டப்பாடியின் பழங்குடி மக்களுக்குக் கோட்டத்தறை மருத்துவமனை. அதற்கு மேல் என்றால் மலைச்சாலை. கொழிஞ்சாம்பாறை, வாளையாறு மக்கள் கோவைக்கு ஓடுகின்றனர். ‘மேல்சிகிச்சைக்கு அனுப்புக’ என்று சீட்டில் எழுதுவது எளிது. நின்ற இதயத்தோடு எவரும் கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க முடியாது. நோயாளி கிடக்கும் அவ்விடத்திலேயே, அப்போது பணியிலிருக்கும் செவிலியரே செயற்பட்டாக வேண்டும்.

அச்செவிலியரை நாம் எந்நிலையில் வைத்திருக்கிறோம்? பொது மருத்துவமனைகளில் 5 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோல். கேரளத்திலோ 1961ஆம் ஆண்டின் பணியாளர் அளவுகோலைத் திருத்த வேண்டுமென அரசு செவிலியர் சங்கம் நெடுங்காலமாக வலியுறுத்திவருகிறது. 2017இல் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தால் அரசு மருத்துவமனைகளின் முகம் மாறியது உண்மை. இக்கோரிக்கையின் நியாயத்தை அது குறைத்துவிடவில்லை. கேரளத் தனியார் செவிலியர்களின் குறைந்தபட்ச ஊதியம் ரூ.20,000 என 2018 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டதற்குப் பின்னே 2011 முதல் நடந்த வேலைநிறுத்தங்கள் உள்ளன. எல்லைக்கு இப்பாலும் நிலை வேறன்று: தமிழ்நாட்டில் ரூ.7,700 தொகுப்பூதியம் பெற்ற ஒப்பந்தச் செவிலியர்கள் 2017 நவம்பரில் சென்னையில் போராடினார்கள்.

பணி நிரந்தரமற்ற ஒருவர், எழுத்தில் அதிகாரம் இல்லாதபோது, இரவு இரண்டு மணிக்கு அக்கருவியைத் தொடத் தயங்குவது இயல்பு. தவறினால் விசாரணை அவர்மீது பாயும். தொடாமல் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டால் ஏட்டின்படி குற்றமில்லை. நோயாளி இறந்திருப்பார், அவ்வளவே.

ஆகவே, மாவட்ட மருத்துவ நிர்வாகம் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் நிலையாணை ஒன்றை எழுத்தில் வழங்க வேண்டும். பயிற்சி பெற்ற செவிலியர் மருத்துவருக்குக் காத்திராமல் அதிர்ச்சி செலுத்தலாம் என்பதும், நெறிமுறைப்படி செயற்பட்டவருக்கு நிர்வாகம் துணைநிற்கும் என்பதும் அதில் ஐயத்துக்கிடமின்றி இருத்தல் வேண்டும். பயிற்சி, பணிநேரத்திலேயே, ஊதியத்தோடு, ஒப்பந்தப் பணியாளர்க்கும் சேர்த்து நடத்தப்பட வேண்டும். ஒவ்வொரு பணிமுறையின் தொடக்கத்திலும் மின்கலம், பேட், பசை ஆகியவற்றைச் சோதித்துக் கையொப்பமிடும் பதிவேடு வேண்டும். மின்னேற்றாத கருவி வெறும் இரும்புப் பெட்டி. மருத்துவமனை வளர்ச்சிக் குழுக்களில் அமர்ந்திருக்கும் தோழர்கள் அடுத்த கூட்டத்தில் அப்பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.