எத்தனை பேரைக் கூட்டிட்டு வருவீங்க?

சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு பப்பில் மேடை கேட்டுப் போகிற புது இசைக்குழுவிடம் முதலில் கேட்கப்படுவது பெரும்பாலும் இந்தக் கேள்விதான்: "எத்தனை பேரைக் கூட்டிட்டு வருவீங்க, ப்ரோ?" என்ன பாட்டு வாசிப்பீங்க என்பதெல்லாம் அப்புறம். சம்பளப் பேச்சு கடைசியில் வரும். அதுவும் குழுக்காரர்களே வெட்கத்தை விட்டுக் கேட்டால்தான்.

கேட்க நியாயமாகத் தெரிகிற கேள்வி. ஆனால் நியாயமே இல்லாத கேள்வி. இது எப்படி வழக்கத்துக்கு வந்தது, கிடார் வாங்கி ஆறு மாசம்கூட ஆகாத பையன்கள் ஏன் இதற்குத் தலையாட்டுகிறார்கள் என்பதை யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு பேச்சுக்கு ஒரு கணக்கு. ஐந்து பேர் கொண்ட குழு. டிரம்ஸ் ஏற்ற வேன், பிராக்டிஸ் ரூம் வாடகை, இன்ஸ்டாகிராமில் விளம்பரம் என்று 5,000 ரூபாய் செலவு. அவர்கள் பேச்சை நம்பி 30 நண்பர்கள் வருகிறார்கள். ஆளுக்கு 800 ரூபாய்க்குச் சாப்பிட்டுக் குடிக்கிறார்கள். கடைக்கு விற்பனை 24,000. சரக்கு, சமையல் செலவு பாதி போக 12,000 மிச்சம். குழுவுக்கு விற்பனையில் பத்து சதவீதம் என்று பேச்சு, ஆக 2,400. கடைக்காரருக்கு 9,600 நிற்கிறது. பாடினவனுக்கு 2,600 நஷ்டம். போதாக்குறைக்கு தொண்டைக்கட்டு.

இதற்கு வைத்திருக்கிற பெயர்தான் 'எக்ஸ்போஷர்'. இதை வைத்துக்கொண்டு காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ கூட வாங்க முடியாது :)

பி.காம் படித்தவர்களுக்குக் கன்சைன்மென்ட் கணக்கு ஞாபகம் இருக்கும். சரக்கை விற்றுக் கொடுக்கிற ஏஜென்டுக்குக் கமிஷன் உண்டு. வாராக்கடன் ஆபத்தையும் அவனே தலையில் ஏற்றிக்கொண்டால் அதற்குத் தனியாக 'டெல் கிரெடெரே' கமிஷன் உண்டு. ஆபத்தைச் சுமக்கிறவனுக்குக் கூடுதல் கூலி என்பது அந்தப் பாடத்தில் பத்து மார்க் கேள்வி. பப்பில் வாசிக்கிற குழுவோ ஆள் பிடித்துக் கொடுக்கிறது, ஆள் வராத ஆபத்தையும் சுமக்கிறது, அதற்கு மேல் இரண்டு மணி நேரம் பாட்டும் பாடுகிறது. கிடைப்பது சாதா கமிஷன். சில இடத்தில் அதுவும் இல்லை, ஒரு பிளேட் ஃப்ரைடு ரைஸ்.

ஆத்தங்குடியில் பப் கிடையாது. பூப்போட்ட டைல்ஸ் உண்டு, பெரிய பெரிய வீடுகள் உண்டு, அந்த வீடுகளைப் பார்க்கக் காரில் வந்து இறங்குகிற கூட்டம் உண்டு. அங்கே வீட்டுக்குத் தளம் போடுகிற கொத்தனாரிடம், "தரை நல்லா வந்திருக்கு, கிரகப்பிரவேசத்துக்கு நூறு பேரைக் கூட்டிட்டு வா, அப்பதான் கூலி" என்று யாராவது சொன்னால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கொத்தனார் வாயில் வருவதை இங்கே எழுத முடியாது.

ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு மேடை புதிதல்ல. திருவிழா என்றால் மெல்லிசைக் கச்சேரி, வள்ளி திருமணம் நாடகம், கரகாட்டம் என்று ஏதோ ஒன்று இருக்கும். அதற்குக் காசு எப்படி வருகிறது? நகரத்தார் கோயில்களில் புள்ளி வரி. கல்யாணம் ஆன ஒரு தம்பதி ஒரு புள்ளி. எத்தனை புள்ளியோ அத்தனை பங்கு. மற்ற ஊர்களில் தலைக்கட்டு வரி. வீட்டுக்கு இவ்வளவு என்று விழா கமிட்டி வசூலிக்கிறது, பற்றாததற்கு உபயதாரர்களைப் பிடிக்கிறது. காப்புக் கட்டுவதற்கு முன்பே பணத்துக்கு வழி தெரிந்துவிடும்.

பிறகு கமிட்டி ஆட்கள் கலைஞர்களைத் தேடிப் போகிறார்கள். மதுரையிலும் புதுக்கோட்டையிலும் நாடக நடிகர்களுக்குச் சங்கம் இருக்கிறது. ராஜபார்ட் யார், பபூன் யார் என்று பேசி முடித்துத் தேதி குறித்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறார்கள். நோட்டீஸ் அடிப்பது கமிட்டி. அதில் நடிகர்கள் போட்டோ, உபயதாரர் பெயர், மைக்செட்காரர் பெயர் எல்லாம் இருக்கும். பந்தல், ஜெனரேட்டர், சாப்பாடு எல்லாமே கமிட்டி பொறுப்பு. மேடைக்கு எதிரே பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற ஆயாவை ஹார்மோனியக்காரர் கூட்டி வரவில்லை. அவர் வேலை வாசிப்பது. மழை வந்து பாதிக் கூட்டம் கலைந்தாலும், "நீ ஆள் சேர்க்கலை, சம்பளத்தில் பாதியை வெட்டுகிறோம்" என்று எந்தக் கமிட்டித் தலைவரும் சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த வருஷம் அந்த ஊருக்கு செட் வராது.

அதாவது, சின்ன ஊர்க் கமிட்டிக்குத் தெரிகிற வியாபார நாணயம், ஏசி ஹாலும் ஒரு மேனேஜரும் மூன்று பவுன்சர்களும் வைத்திருக்கிற இடத்துக்குத் தெரியவில்லை.

உடனே ஒரு பதில் வரும். "நல்ல கலைஞன்னா கூட்டம் தானா வரும். குன்னக்குடிக்கு வரலையா?" வந்தது. குன்னக்குடி வைத்தியநாதன் காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரர். 2008-இல் காலமாகும் வரை அவர் வயலினைத் தூக்கிக்கொண்டு போன இடமெல்லாம் ஜனம். சினிமாப் பாட்டு வாசிக்கிறார், வித்தை காட்டுகிறார் என்று சுத்த சங்கீதக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவர் கவலைப்படவில்லை. ஆனால் அவர் போனது யாருடைய மேடைக்கு? கோயில் விழாக்களுக்கும் சபாக்களுக்கும். கூப்பிட்டவர்கள் சன்மானம் பேசிக் கூப்பிட்டார்கள், விளம்பரமும் அவர்களே செய்தார்கள். அவர் வந்த கூட்டத்தை எழுந்து போகவிடாமல் பிடித்து வைத்தார்.

இன்னொரு பக்கத்து ஊர்க்காரர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890-1967). இன்று கர்நாடகக் கச்சேரி என்றால் வர்ணத்தில் ஆரம்பித்து, கீர்த்தனைகள், ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடா என்று போகிற அந்த அமைப்புக்கு அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். ரசிகர் எதற்கு நிமிர்ந்து உட்காருவார், எப்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பார் என்பது தெரிந்த மனுஷனின் கணக்கு அது. எந்தப் பாட்டை எங்கே வைத்தால் ஆள் எழுந்து போகமாட்டார் என்பது பாடகனின் தொழில். அதில் சொதப்பினால் திட்டுங்கள், தப்பே இல்லை. வீட்டில் இருக்கிறவனை வாசல் தாண்டி வரவைப்பது வேறு தொழில். அதற்கு இடம், லைசென்ஸ், வழக்கமாக வருகிறவர்களின் போன் நம்பர், வாசலில் போர்டு எல்லாம் வேண்டும். இதெல்லாம் யார் கையில் இருக்கிறது? கிடார்க்காரன் கையிலா?

வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான் என்பார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் சன்செட் ஸ்ட்ரிப்பில் 1980-களில் குழுக்களிடமே டிக்கெட் கட்டுகளைத் தள்ளி, விற்று வா அல்லது நீயே காசு கட்டு என்ற வழக்கம் பரவியது உண்மைதான். ஆனால் பீட்டில்ஸ் கதையும் வெளிநாட்டுக் கதைதானே? 1960 ஆகஸ்டில் லிவர்பூலிலிருந்து ஐந்து பையன்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு நாய்க்குட்டியைக்கூடத் தெரியாது. இந்த்ரா என்ற கிளப்பின் முதலாளி ஆளுக்கு நாளொன்றுக்கு 30 மார்க் என்று ஒப்பந்தம் போட்டு, இரவெல்லாம் போட்டு வாசிக்க வைத்தார். தங்கக் கொடுத்த இடம் படுமோசம். அந்த முதலாளி ஒன்றும் தர்மப்பிரபு அல்ல, சக்கையாகப் பிழிந்தவர். இருந்தாலும் "எத்தனை பேரைக் கூட்டி வருவாய்" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பூஜ்யம் என்பதுதான் பதில். பையன்கள் அடுத்த கப்பலில் ஊர் திரும்பியிருப்பார்கள்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி இன்னும் அபத்தம். 2003-இலிருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். அது போக குடிக்கிற இடம் என்றால் ஹோட்டல் பாரும் கிளப்பும்தான். அதனால் பப் என்பது பெரும்பாலும் ஒரு ஹோட்டலுக்குள் இருக்கிறது, ஹோட்டல் விலையில் இருக்கிறது. குடிப்பதற்குச் சட்டப்படி வயது 21. கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிற டிரம்மரின் நண்பர்களுக்கு என்ன வயது இருக்கும்? பாதிப் பேருக்குக் கொடுக்கவே கூடாது, மீதிப் பாதியிடம் காசு இல்லை. இந்தக் கூட்டத்தைத்தான் கூட்டி வரச் சொல்கிறார்கள். வந்தவர்கள் ஆறு பேர் ஒரு பிளேட் பிரெஞ்ச் ஃப்ரைஸைப் பங்கு போட்டால், "உங்க ஆடியன்ஸ் செலவு பண்ண மாட்டேங்குது" என்று அடுத்த தடவை மேடை கிடையாது.

பப்புக்குச் சட்டம் தந்திருக்கிற ஒரு சௌகரியத்தையும் சொல்ல வேண்டும். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்கத்துக்குள் மட்டும் விலக்கு. திருவிழாக்களுக்கு மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு மொத்தம் 15 நாள்தான். விடிய விடிய நடக்கிற நாடகத்துக்கு ஊர்க் கமிட்டி போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடக்கிறது. நாலு சுவருக்குள் இருக்கிற பப்புக்கு அந்தத் தலைவலி குறைவு. இவ்வளவு வசதி இருந்தும் ஒரு நோட்டீஸ் ஒட்ட முடியவில்லையாம்.

கடைக்காரர் தரப்பிலும் ஒரு உண்மை உண்டு. வாடகை, லைசென்ஸ் கட்டணம், சவுண்ட் ஆள் சம்பளம் எல்லாம் அவருடையது. பெங்களூரில் 2005-இல் போலீஸ் கொண்டுவந்த லைசென்ஸ் உத்தரவை 2018 ஜனவரியில் உச்சநீதிமன்றம் உறுதி செய்த பிறகு, பல பப்புகளில் நேரடி இசை நின்றே போனது. ஆபத்து அவருக்கும் இருக்கிறது. சரி. ஆனால் தொழில் முதலாளி என்பதற்கு அர்த்தமே அதுதானே? ஆபத்தை எடுக்கிறேன், அதனால் லாபம் என்னுடையது என்பார்கள். லாபத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆபத்தைக் கூலிக்காரன் பக்கம் தள்ளுவதற்கு அக்கவுண்டன்சியில் பெயர் இல்லை. தெருவில் இருக்கிறது.

திருவிழா முறை சொக்கத்தங்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வரி கொடுக்கிறவர் கேட்கிற பாட்டைத்தான் பாட வேண்டும். சொந்தமாகப் பாட்டு எழுதுகிற குழுவுக்கு அங்கே வேலை இல்லை. அதைவிடப் பெரிய கோளாறு, யாருடைய வரியை வாங்குவது, யாரை ஊராகவே கணக்கில் சேர்ப்பது என்பதில் சாதி இருக்கிறது. சாமி ஊர்வலத்துக்கு முன்னால் பறையடித்துப் போகிறவர் பெயர் எத்தனை நோட்டீசில் வந்திருக்கிறது? 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை மேடை ஏற்றியபோது திரண்ட கூட்டத்துக்கு அதனால்தான் தனி அர்த்தம் இருக்கிறது. கானாவும் பறையும் எலெக்ட்ரிக் கிடாரும் ஒரே மேடையில், எல்லாம் புதுப் பாட்டு. அங்கேயும் பாருங்கள், மேடை போட்டு ஊரைக் கூப்பிடுகிற வேலையை ஒரு அமைப்பு எடுத்துக்கொண்டது. கானா பாடகரிடம் நண்பர்கள் லிஸ்ட் கேட்டு மேடை தரவில்லை.

சினிமாப் பாட்டோ சொந்தப் பாட்டோ, ஏற்பாட்டாளர் வேலையை ஏற்பாட்டாளர் செய்தால் போதும். செய்வதும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. வியாழக்கிழமை என்றால் ஆறு மாசத்துக்கு வியாழக்கிழமை. ஒரு வாரம் மேட்ச் ஸ்கிரீன், அடுத்த வாரம் கரோக்கி, அதற்கடுத்த வாரம் 'லைவ் பேண்ட்' என்று மாற்றிக்கொண்டே இருந்தால் யாருக்குப் பழகும்? செவ்வாய்ச் சந்தை செவ்வாய்க்கிழமை கூடுவதால்தான் சந்தை. போஸ்டரில் 'லைவ் மியூசிக்' என்று பொத்தாம்பொதுவாகப் போடாமல் குழுவின் பெயரைப் போட வேண்டும், என்ன மாதிரிப் பாட்டு என்று ஒரு வரி போட வேண்டும். எட்டு மணி என்றால் எட்டு மணிக்கு ஆரம்பிக்க வேண்டும். பத்து மணிக்கு ஆரம்பித்தால் கடைசி பஸ், கடைசி ரயில் பிடிக்கிறவன் அடுத்த தடவை வரமாட்டான்.

குழுக்களும் சும்மா இல்லை. ஒரே மாசத்தில் ஒரே நகரத்தில் நாலு இடத்தில் அதே பன்னிரண்டு பாட்டை வாசித்துவிட்டு, கூட்டம் வரவில்லை என்று அழுகிறார்கள். நண்பன் எத்தனை தடவைதான் வருவான், அவனுக்கும் அரியர் இருக்கிறது. தேதியையும் நேரத்தையும் தெளிவாகப் போட்டு ஊருக்குச் சொல்வது குழுவின் மரியாதை, அதைச் செய்யத்தான் வேண்டும். அதற்குச் சம்பளத்தைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

கேட்க வேண்டியது மூன்றே விஷயம். வந்தாலும் வராவிட்டாலும் கிடைக்கிற குறைந்தபட்சத் தொகை ஒன்று. அதில் பாதி அட்வான்ஸாக முன்கூட்டியே. கடைக்காரர் கடைசி நேரத்தில் ரத்து செய்தால் அந்த அட்வான்ஸ் திரும்பாது என்ற பேச்சு. கதவு வசூல், பார் சதவீதம் எல்லாம் இதற்கு மேல் வருகிற லாபமாக இருக்கட்டும். ஒப்பந்தப் பத்திரம் எழுதத் தயங்கினால், தேதி, நேரம், தொகை மூன்றையும் போட்டு ஒரு வாட்ஸப் செய்தியாவது அனுப்பி, அந்தப் பக்கத்திலிருந்து 'சரி' என்று பதில் வந்த பிறகு டிரம்ஸை வேனில் ஏற்றலாம்.