தேவ்னாரில் எரியப்போவது யார் பிழைப்பு?

நாளொன்றுக்கு 600 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்க, தேவ்னாரில் ஆலைத் திட்டம் போட்டது மும்பை மாநகராட்சி. "நல்லதுதானே?" என்று கேட்கும் தாராவித் தோழர்களுக்குச் சொல்கிறோம்.

நம் நாட்டுக் குப்பையில் பாதிக்குமேல் ஈரக் குப்பை. சோறு, காய்கறித் தோல், மீன் கழிவு. லேசில் எரியாது. 1987-இல் டில்லி திமார்பூரில் டென்மார்க் இயந்திரங்களோடு கட்டிய ஆலை ஒரு மாதம்கூட ஓடாமல் படுத்தது இதனால்தான். அப்படியானால் சூளைக்குச் சூடு எங்கிருந்து வரும்? பிளாஸ்டிக்கிலிருந்து! தாராவி 13-ஆம் காம்பவுண்டில் நம்மவரும் பிறரும் ரகம் பிரித்து, அரைத்து, உருக்கிக் குருணையாக்கி விற்கிறார்களே, அதே சரக்கு.

பி.வி.சி. எரிந்தால் டையாக்சின் நஞ்சு கிளம்பும். அந்தப் புகை மலபார் ஹில் பங்களாவுக்கா போகும்? கோவண்டிக் குழந்தைகளின் நெஞ்சில் இறங்கும். தாராவிவாசிகளில் ஒரு பகுதியினரைக் குடியேற்ற 2024-இல் அரசு ஒதுக்கியதும் தேவ்னார் குப்பைமேட்டு நிலத்தைத்தான். என்ன பெருந்தன்மை!

பக்கத்து டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் சமையல் கழிவிலிருந்து எரிவாயுவும் எருவும் எடுக்கும் 'நிசர்கருணா' கலத்தை என்றோ உருவாக்கிவிட்டது. அதை வார்டுதோறும் வையுங்கள். உலர்ந்த குப்பையைப் பொறுக்குவோரிடமே விடுங்கள். அவர்களுக்குக் கொட்டகையும் அடையாள அட்டையும் கொடுங்கள். பிறகும் எரித்தே தீருவோம் என்றால், புகைபோக்கியில் அளந்த நஞ்சின் கணக்கை மாதாமாதம் மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் ஆலை வாசலில் எழுதிப் போடுங்கள்.