எங்கே இல்லை மருத்துவர்?

பாம்பு தீண்டியவனைப் பூசாரியிடம் தூக்கிச் செல்கிறார்கள். பேறுகால வலியில் துடிப்பவளுக்குத் தாயத்துக் கட்டுகிறார்கள். மடமை என்கிறோம், மேடையேறிச் சாடுகிறோம். சாடுவது சரியே. ஆனால், தோழர்களே, ஒன்றைக் கேட்க மறந்தோம்! பூசாரியின் குடிசை கூப்பிடு தொலைவில் இருக்கிறது. மருத்துவரின் அறை எத்தனை கல் தொலைவில் இருக்கிறது?

2023 மே மாதம், வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில், பாம்பு தீண்டிய குழந்தையொன்று காலத்தில் மருத்துவமனை சேராமல் உயிரிழந்தது. வண்டி ஏறாத மலைவழியில் அதன் உடலைப் பெற்றவளே சுமந்து நடந்தாள். அவள் மருத்துவத்தை மறுத்தவள் அல்லள். மருத்துவம் அவளை மறுத்தது! விதி என்பான் வைதிகன். பகுத்தறிவு பேசும் நாமும் வாளாவிருப்பதா?

"தமிழகத்திலா மருத்துவர் பஞ்சம்?" என்று நகைப்பர் சிலர். பதிவேட்டைப் புரட்டுவர், மக்கள் தொகையோடு வகுத்துப் பார்ப்பர், ஆயிரம் பேருக்கு ஒருவர் என்னும் அளவைத் தாண்டிவிட்டோம் என்று மார்தட்டுவர். பள்ளியிலே சராசரிக் கணக்குக் கற்பிக்கும் நமக்கு அந்த வித்தை தெரியும். இரண்டு இலைச் சோற்றையும் ஒருவனே உண்டு, அடுத்தவன் பட்டினி கிடந்தாலும், சராசரி ஆளுக்கு ஓர் இலைதான்! கணக்கு சரி, பசி தீர்ந்ததா? சென்னையின் ஒரே தெருவில் நிபுணர் பதின்மர் இருப்பதால் கல்வராயன் மலையின் காய்ச்சல் தணியுமா?

இது தற்செயலன்று. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரிடையே மருத்துவம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் எடுத்துக்காட்டினார்: தேவை மிகுந்த இடத்தில் மருத்துவம் குறைகிறது; சந்தையின் கை ஓங்க ஓங்கக் குறையும் ஓங்குகிறது. பணம் இருக்கும் இடம் தேடி மருத்துவம் போகிறது. நோய் இருக்கும் இடம் தேடிப் போக, அரசுதான் அதற்கு ஆணையிட வேண்டும்.

ஆணை இல்லாமல் இல்லை. 1946-இல் ஜோசப் போர் குழு, முதற்படியாக 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் கேட்டது. இன்றைய அளவு, சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று. மலையில் 20,000 பேருக்கு ஒன்று. நன்று! ஆனால் தலையை எண்ணும் விதி, தொலைவை எண்ணுகிறதா? கட்டடம் உண்டு, பெயர்ப்பலகை உண்டு, பணியிடம் உண்டு. நாற்காலியில் ஆள் உண்டா?

அமெரிக்கா சமதர்ம நாடன்று. அங்கேகூட, மருத்துவர் பற்றாக்குறைப் பகுதிகளை அரசு அடையாளம் காண்கிறது. 3,500 பேருக்கு ஒரு பொது மருத்துவர் என்பது அதற்கான அளவுகோல்களுள் ஒன்று. பின்னர் வறுமை, குழந்தை நலம், அடுத்த மருத்துவரை அடைய ஆகும் நேரம் ஆகியவற்றையும் சேர்த்து 25 வரை மதிப்பெண் இடுகிறார்கள். அங்கே பணிசெய்ய முன்வரும் மருத்துவருக்குக் கல்விக் கடனை அடைக்க அரசு பொருள் தருகிறது.

நம்மிடம் கருவி இல்லையா? அரசுப் பணியிலுள்ள மருத்துவர்க்கு மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு தரும் உரிமை மாநிலத்துக்கு உண்டென, 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. மேற்படிப்பு என்னும் ஊக்கத்தைக் காட்டி மருத்துவரை மலைக்கு அழைக்கலாம். ஆனால் எந்த மலைக்கு, எந்தச் சிற்றூருக்கு? அதைச் சொல்லும் பட்டியல் பொய்த்தால் கருவியும் பொய்க்கும்.

ஆகவே, இளைஞர்களே, ஏடும் கோலும் எடுத்துப் புறப்படுவோம். எத்தனை குடும்பம்? மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? இரவில் செவிலியர் உண்டா? மழைக்காலத்தில் வண்டி வருமா? ஊர் ஊராகக் கேட்டு எழுதுவோம். கிராம சபையில் உரக்கப் படிப்போம். சராசரி மறைத்த ஊர்களின் பெயரை ஆட்சியாளர் காதில் விழச் செய்வோம்.

மருத்துவரின் நாற்காலி நிரம்பட்டும். பூசாரியின் குடிசை தானே காலியாகும்!