பீச் ஸ்பிரிங் டஃப்: பாதி உண்மையில் எழுப்பிய வாதம்

மொகாவி பாலைவன மலைகளில் உள்ள எரிமலைப் பாறைகளுக்கு வயது சொல்வது வெறும் ஊகம் என்கிறார் ஒரு கட்டுரையாளர். அரிசோனாவிலும் கலிஃபோர்னியாவிலும் தனித்தனி மலைகளில் கிடக்கும் பாறைக்குப் ‘பீச் ஸ்பிரிங் டஃப்’ என்று ஒரே பெயர் வைத்தது ஆய்வாளர்களின் வசதிக்காகவாம். அவர் காட்டும் ஒரே சான்று, பழைய பொட்டாசியம்–ஆர்கான் அளவீடுகள் 1.6 கோடி ஆண்டிலிருந்து 2 கோடிக்கு மேல் வரை சிதறிக் கிடப்பது. சிதறியது உண்மைதான். ஏன் சிதறியது என்பதைப் பற்றி அவர் ஒரு வரி எழுதவில்லை. எழுதியிருந்தால் கட்டுரையே நின்றிருக்காது.

இந்தப் பாறை ஒரு பெருவெடிப்பில் சீறிப் பாய்ந்த கொதிக்கும் சாம்பல். போகும் வழியில் அடித்தளத்துப் பழைய கிரானைட்டின் துகள்களையும் வாரிக்கொண்டது. அந்த கிரானைட்டுக்கு வயது நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல். பழைய முறையில் கனிம மணிகளை மொத்தமாக உருக்கி அளப்பார்கள். நூறு ஃபெல்ட்ஸ்பார் மணிகளில் ஒன்று 140 கோடி ஆண்டுப் பழையதாக இருந்து, தன் ஆர்கானை இழக்காமலும் இருந்தால், கிடைக்கும் வயது இரு மடங்காகிவிடும். பொட்டாசியம் ஆர்கானாகச் சிதையும் விகிதம் தெரிந்த எவரும் தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. இதைச் செய்யாமல் முறையையே பொய் என்பது சோம்பேறித்தனம்.

ஆர்கான்–ஆர்கான் முறையில் லேசரால் ஒவ்வொரு மணியையும் தனியாக உருக்கலாம். பழைய மணி தானாகவே பிடிபடும். 1990இல் வெளியான ஆய்வு 1.85 கோடி ஆண்டு என்றது. 2013இல் வெளியானது 1.878 கோடி என்றது. பிழை வரம்பு 20 ஆயிரம் ஆண்டு. இந்தத் திருத்தத்தையும் அவர் குற்றமாகக் காட்டுகிறார். ஒன்றரை விழுக்காட்டு மாற்றத்தை வைத்துக்கொண்டு வயதே தெரியாது என்று வாதாடுவது நேர்மையல்ல.

பெயருக்கு வருவோம். பீச் ஸ்பிரிங்ஸ், கொலராடோ பீடபூமியின் ஓரத்தில் உள்ள அரிசோனா ஊர். அங்கிருந்து கலிஃபோர்னியாவின் பார்ஸ்டோ வரை, சுமார் 32,000 சதுர கிலோமீட்டரில் இந்தப் பாறை துண்டு துண்டாகத் தெரிகிறது. ஒரே பாறை என்று முடிவு செய்தது நிறத்தைப் பார்த்து அல்ல. சானிடின் என்ற ஃபெல்ட்ஸ்பாரின் மிகுதி, கூடவே ஸ்பீன் கனிமம், எல்லாவற்றுக்கும் மேலாகக் குளிரும்போது பாறையில் பதிந்த காந்தத் திசை. ஆய்வாளர்கள் வெல்ஸும் ஹில்ஹவுஸும் 1989இல் காட்டியபடி, மலைகளின் சாய்வைத் திருத்திப் பார்த்தால் இந்தப் பாறையின் காந்தம் வடகிழக்கு நோக்கி, தாழ்ந்த கோணத்தில் நிற்கிறது. அந்தப் பகுதிக்கு மிக அரிதான திசை அது. ஒரே சமயத்தில் குளிர்ந்த சாம்பலில்தான் அது மலைக்கு மலை ஒத்துப்போகும். கட்டுரையில் காந்தம் என்ற சொல்லே இல்லை.

வெடித்த வாய் எங்கே என்று கேட்கிறார். 2013ஆம் ஆண்டு ஆய்வே பதில் சொல்லிவிட்டது: அரிசோனாவின் ஓட்மன் அருகே, பிளாக் மலைகளின் தென்பகுதியில் உள்ள சில்வர் கிரீக் கால்டெரா. நிலம் இழுபட்டதில் அதுவே பிளந்து துண்டாகிவிட்டது. அதனால்தான் இத்தனை காலம் தேட வேண்டியிருந்தது. வேறு பெயர்கள் வேண்டும் என்றால், இரண்டு மலைகளில் வேறு வேறு வயதும் வேறு வேறு காந்தத் திசையும் அளந்து காட்டட்டும். அவர் ஒரு மணியைக்கூட அளக்கவில்லை.