பகலிலேயே பார்த்து வையுங்கள்!

ஜுரமும் வயிற்றுப்போக்கும் இளைப்பும் ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் வருவேன் என்று சொல்லி வைத்தாற்போல் வருகின்றன! தெருக்கோடி மருந்துக் கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டுப் போன பிறகுதான் குழந்தைக்கு உடம்பு கொதிக்கும்.

போன மழைக்காலத்தில் எதிர்வீட்டு மாமியின் பேரனுக்கு இப்படித்தான். ஒன்றரை வயசுக் குழந்தை; பாரஸிட்டமால் சிரப் காலி. மாமியின் பிள்ளையும் என் கணவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். நானும் மாமியும் குழந்தைக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பைத் துடைத்துக் கொண்டிருந்தோம். '24 மணி நேரமும்' என்று போர்டு மாட்டிய கடை பூட்டிக் கிடந்ததாம். முக்கால் மணி நேரம் சுற்றி, கடைசியில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் இருந்த கடையில் மருந்து கிடைத்தது.

மாமி வழக்கம்போல் 5 மி.லி. ஊற்றப் போனார். பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். பழைய சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மில்லிகிராம்; புதுசில் 250!

"ரெண்டும் ஒண்ணுதான்னு கடையிலே சொன்னாங்களே!" என்றார் பிள்ளை.

மருந்து ஒன்றுதான், வீரியம் இரண்டு மடங்கு. பழைய சீட்டில் டாக்டர் எழுதியிருந்த 125 மில்லிகிராமுக்குப் புது மருந்து 2.5 மி.லி. போதும். பாரஸிட்டமால் அளவு மீறினால் ஈரல் கெடும். நடு ராத்திரியில் எந்த மருந்து வாங்கினாலும் விளக்கடியில் லேபிளைப் படித்த பிறகே கொடுங்கள்.

இன்னும் சில யோசனைகள்:

பெரிய ஆஸ்பத்திரிகளை ஒட்டிய கடைகளில் பகலிலேயே விசாரியுங்கள். "ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா ஆள் இருப்பாங்களா?" என்றே கேட்டுவிடுங்கள். போன் நம்பரை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். போன் செய்துவிட்டே கிளம்புங்கள்.

டாக்டர் சீட்டைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ஆன்டிபயாடிக் போன்றவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். கடைக்காரரைக் கோபித்துப் பயனில்லை.

சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, இளைப்பு மருந்துகளை ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையா? கடை தேட வேண்டாம். கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உப்பு கூடிவிடாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று உண்டு. சில சமயம் மருந்துக் கடையைத் தேடவே கூடாது. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு ஜுரம், வலிப்பு, பேச முடியாத இளைப்பு, நெஞ்சுவலி, எழுப்பினாலும் கண் திறக்காத சோர்வு, இவற்றில் எது வந்தாலும் நேரே ஆஸ்பத்திரிதான். தமிழ்நாட்டில் 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். யோசனை மட்டும் கேட்க 104 இருக்கிறது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவு ராத்திரி முழுவதும் திறந்திருக்கும்; மருந்தும் இலவசம்.

எதிர்வீட்டு மாமி இப்போது அலமாரிக் கதவில் மூன்று நம்பர் ஒட்டியிருக்கிறார். உங்கள் வீட்டுக் கதவில்?